நன்றாக அசையத் தெரிந்த உடல்: ஒரு நடிகையின் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

நடிகர் பயிற்சியில் அசைவு இம்ப்ரவைசேஷன் (முன்கூட்டித் திட்டமிடாமல் அந்தந்த நேரத்தில் அசைந்துபார்ப்பது) என்றதும் நம்மில் பலருக்கு இறுகிப்போன உடல்தான் நினைவுக்கு வரும். கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர், கழுத்தை விறைத்துக்கொண்டு வசனம் சொல்பவர், தரையில் உருளச் சொன்னால் கூச்சப்படுபவர். அவர்களுக்குப் பயிற்சி தருவது சிரமம்தான், ஆனால் போகவேண்டிய திசையாவது தெரியும். நான் எழுதப்போவது அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த ஒருவரைப் பற்றி. இருபதுகளின் நடுவில் இருந்த நடிகை, சிறுவயதிலிருந்து நடனம் கற்றவர். உடல் சொன்னபடி கேட்கும். எந்த அசைவையும் ஒருமுறை பார்த்தால் பிடித்துக்கொள்வார். ஆனால் அவரோடு காட்சியில் நடித்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குறையைச் சொன்னார்கள்: "அவங்க நல்லா பண்றாங்க. ஆனா என்கூட இல்லை."

இதை அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். பயிற்சி நடந்தது சுமார் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில், ஒரு பருவம் முழுக்க. நான் அசைவுப் பயிற்றுநர், நாடகத்தை இயக்கியவர் வேறொருவர். இந்தப் பிரிவினை பின்னால் முக்கியமாகிறது.

தொடக்கத்தில் பார்த்தது

முதல் சில வகுப்புகளில் நான் யாரையும் திருத்துவதில்லை. "உள்ளே வாருங்கள், ஏதாவது நடக்கட்டும், முடிந்ததாகத் தோன்றினால் வெளியே போங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். இவரைப் பற்றிய குறிப்பில் திரும்பத் திரும்ப வந்தவை சில உண்டு. எல்லா அசைவும் கையிலிருந்தே தொடங்கியது, இடுப்பு எங்கேயும் போக முடிவெடுக்கவே இல்லை. பார்வை சக நடிகரின் தலைக்கு மேலே ஓரிடத்தில் நின்றது. நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார், ஒரு தோற்றத்தை எடுத்துக்கொள்வார், அப்போது மூச்சு மார்பின் மேற்பகுதியில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு அசைவுக்கும் அவரிடம் ஒரு முடிவு இருந்தது. மணிக்கட்டு லேசாகத் திரும்பும், விரல்கள் ஒவ்வொன்றாக விரியும், அப்புறம்தான் அந்த அசைவு முடிந்ததாகக் கணக்கு.

ஒருநாள் இருவர் மட்டும் இடத்தில் இருந்தார்கள். உடனிருந்தவர் தரைவிரிப்பின் மடிப்பில் கால் இடறி, கையூன்றி உட்கார்ந்துவிட்டார். அது திட்டமிட்டதல்ல. அவர் விழுவதை இவர் பார்த்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. கை அவரை நோக்கிப் போகவும் போனது. ஆனால் போவதற்கு முன், ஏற்கெனவே வரைந்துகொண்டிருந்த வளைவை முடித்தது. மணிக்கட்டு திரும்பியது, விரல்கள் விரிந்தன, அதற்குப் பிறகே அவர் பக்கம் திரும்பியது. அதற்குள் அவர் எழுந்துவிட்டார். நீட்டிய கைக்கு வேலை இல்லாமல் போனது. இவர் சற்றும் தடுமாறாமல் அந்தக் கையை இன்னொரு அழகான வளைவாக மாற்றி நகர்ந்துவிட்டார். பார்த்தவர்கள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த அரைநொடித் தாமதத்தைத்தான் பருவம் முழுக்க நாங்கள் துரத்தினோம்.

அசைவுக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபனின் எஃபர்ட் பகுப்பு, அதாவது அசைவுகளை அவற்றில் செலவாகும் முயற்சியின் தன்மையை வைத்துப் பிரிக்கும் முறை, இங்கே உதவியாக இருந்தது. எடை, இடம், காலம் ஆகிய மூன்றின் சேர்க்கையில் அவர் எட்டு அடிப்படைச் செயல்களைச் சொல்வார்: அழுத்துதல், குத்துதல், பிழிதல், வீசியடித்தல், தட்டுதல், சுண்டுதல், வழுக்கிச் செல்லுதல், மிதத்தல். நான்காவதாக ஓட்டத்தையும், அதாவது அசைவு தடையின்றிப் போகிறதா, பிடித்துவைக்கப்படுகிறதா என்பதையும், சேர்ப்பார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களைக் கவனித்து, எஃப். சி. லாரன்ஸோடு சேர்ந்து வளர்த்த சிந்தனை இது. 1947இல் நூலாக வந்தது. பாரம் தூக்குபவரையும் இயந்திரம் இயக்குபவரையும் பார்த்து உருவானதாலேயே நடிகருக்கு இது இவ்வளவு பொருந்துகிறது என்பது என் எண்ணம். அதில் அழகு, அழகின்மை என்ற தரம்பிரிப்பு கிடையாது. நம் நடிகை வாழ்ந்தது மிதத்தலிலும் வழுக்கிச் செல்லுதலிலும் மட்டும். இரண்டுமே எடை குறைந்தவை, நிதானமானவை. அழுத்துதலும் பிழிதலும் அவரிடம் இல்லவே இல்லை.

என்ன பிரச்சினை என்று நினைத்தோம்

இயக்குநரின் கணிப்பு வேறு, என் கணிப்பு வேறு. நடிகை உணர்ச்சியளவில் ஒளிந்துகொள்கிறார், அசைவு ஒரு கவசம் என்று இயக்குநர் நினைத்தார். கதாபாத்திரத்தின் வலியோடு அவருடைய சொந்த அனுபவத்தை இணைக்கும் வேலையைச் செய்யலாம் என்றார். அது தேவையில்லாத தோண்டல் என்று எனக்குப் பட்டது. ஒரு வளைவைத் தொடங்கினால் முடிப்பது, கண்ணை ஒரு புள்ளியில் வைப்பது, நின்றால் தெளிவான வடிவத்தில் நிற்பது, இவையெல்லாம் நடனப் பயிற்சியில் நல்ல குணங்கள். நல்ல ஆசிரியர்களிடம் பல வருடம் உழைத்துப் பெற்றவை. அவற்றைக் குறையாகவோ மனக்காயமாகவோ பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். அவருடைய உடல் தனக்குத் தெரிந்த ஒழுங்கைச் சரியாகவே பின்பற்றிக்கொண்டிருந்தது. அந்த ஒழுங்கில் எதிரே இருப்பவரிடமிருந்து செய்தி வாங்கும் வாசல் இல்லை. கோளாறு அவ்வளவுதான்.

அசைவு அறிவியலில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் சொன்ன ஒரு விஷயம் உண்டு. புதிதாக ஒன்றைக் கற்பவர் மூட்டுகளை இறுக்கிக்கொள்வார். அத்தனை மூட்டுகளின் சாத்தியங்களையும் ஒரே நேரத்தில் கையாள முடியாததால் சிலவற்றைப் பூட்டிவைப்பார். பழகப் பழகப் பூட்டு திறக்கும். நம் வழக்கமான தளர்வுப் பயிற்சிகள் பெரும்பாலும் இந்தப் பூட்டைத் திறக்கவே இருக்கின்றன. இவருக்குப் பூட்டே இல்லை. "தளர்வாக விடுங்கள், மனம்போல அசையுங்கள்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் பழக்கத்துக்குள் இன்னும் ஆழமாகப் போனார். குழுவும் கைதட்டியது. அந்தக் கைதட்டல் பிரச்சினையின் ஒரு பகுதி.

முகமூடியையும் யோசித்தோம். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் கோப்போ ஒத்திகையில் இறுகிப்போன ஒரு நடிகையின் முகத்தைக் கைக்குட்டையால் மூடியதும் அவருடைய உடல் விடுபட்டதாக ஒரு செய்தி நாடகப் பயிற்சி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும். அந்த மரபின் வழியாகவே எந்த உணர்ச்சியும் காட்டாத நடுநிலை முகமூடி வந்தது. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து நாடகத்துக்கு வந்த ஜாக் லெக்கோக், 1956இல் பாரிஸில் தொடங்கிய பள்ளியில் அதை அடிப்படைப் பாடமாக்கினார். இத்தாலியச் சிற்பி அம்லேட்டோ சார்டோரி அவருக்குத் தோலில் முகமூடிகள் செய்துகொடுத்தார். முகத்தில் ஒளிந்துகொள்பவருக்கு இது அருமையான மருந்து. ஆனால் இவர் ஒளிந்திருந்தது உடலுக்குள். முகத்தை மூடினால் ஒரு அழகான சிலை கிடைக்கும் என்று தோன்றியது. ஆகவே வேண்டாமென்று விட்டோம்.

நட, நில்

முதலில் செய்தது எல்லாவற்றையும் குறைப்பது. நடக்கலாம், நிற்கலாம். வேறெதுவும் கூடாது. எப்போது நடப்பது, எப்போது நிற்பது என்று தானாக முடிவெடுக்கவும் கூடாது. குழுவில் இன்னொருவரின் மாற்றம் தன்மேல் படும்போதே மாறவேண்டும். நியூயார்க்கில் மேரி ஓவர்லி 1970களில் உருவாக்கிய ஆறு வியூபாயின்ட்ஸ் முறையை (மேடையில் நடப்பதைக் கவனிக்க உதவும் கோணங்களை) ஆன் போகார்ட்டும் டீனா லாண்டாவும் பின்னர் உடலுக்கான ஒன்பதாக விரித்தார்கள். அவற்றில் ஒன்று கினஸ்தெட்டிக் ரெஸ்பான்ஸ், அதாவது வெளியே நடக்கும் அசைவுக்கு யோசிக்காமல் உடல் தரும் பதில். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒன்பதையும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தும் பயிலரங்குகளைப் பார்த்திருக்கிறேன். பங்கேற்பவர்கள் பெயர்களைக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

நடிகைக்கு இது பிடிக்கவில்லை. "சார், இதுல நான் என்ன பண்றது? சும்மா நடந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். எதுவும் பண்ண வேண்டாம், யார் நின்றார்கள் என்று மட்டும் பாருங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றார். ஆனால் விரல்கள் நடக்கும்போதும் ஓயவில்லை. தொடையோரம் சின்னச் சின்ன வளைவுகளை வரைந்துகொண்டே வந்தன.

இங்கே ஒரு பயிற்றுநர் செய்யக்கூடிய மிக எளிய காரியம் "கையை அசைக்காதீர்கள்" என்று சொல்வது. அப்படிச் சொன்னால் கவனம் முழுக்கக் கைக்கே போய்விடும். 1990களின் பிற்பகுதியிலிருந்து காப்ரியேல் வுல்ஃப் செய்துவரும் ஆய்வுகள், சொந்த உறுப்பில் கவனம் வைப்பதைவிட அசைவு வெளியே உண்டாக்கும் விளைவில் கவனம் வைக்கும்போது உடல் சரளமாக இயங்குகிறது என்று காட்டுகின்றன. கார்ல் நியூவெல் 1986இல் முன்வைத்த கட்டுப்பாடுகள் பற்றிய சிந்தனையும் இதோடு சேரும். அசைவைத் தீர்மானிப்பவை மூன்று: ஆள், சூழல், பணி. ஆளைத் திட்டி மாற்றுவதைவிடப் பணியை மாற்றுவது சுலபம்.

சரி, பணியை மாற்றினோம். மேடைத் தட்டிகள் சாயாமல் இருக்க அடியில் வைக்கும் மணல் மூட்டை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னேன். விதி அதேதான். கைக்கு வேறு வேலை வந்துவிட்டதால் விரல்கள் ஓய்ந்தன. பாரம் இருந்ததால் இடுப்பு வேலைக்கு வந்தது. எடை என்ற ஒன்று அவருடைய நடையில் முதல்முறையாகத் தெரிந்தது. (முதுகுவலி இருப்பவருக்கு இதைத் தரக்கூடாது. மூட்டையின் கனமும் ஆளுக்கு ஏற்றபடி இருக்கவேண்டும்.)

அப்படி நடந்துகொண்டிருந்த ஒருநாள் அவருக்கு முன்னால் போனவர் சட்டென்று நின்றார். இவரும் நின்றார். வலது குதிகால் இன்னும் தரையில் படவில்லை. மூட்டை முன்னால் இழுத்தது. சமாளிக்க ஒரு சின்ன, கோணலான அடி எடுத்துவைத்தார். கண் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் போனது, இடித்துவிடுவோமோ என்று தூரத்தை அளந்தது. அவர் மறுபடி நகர்வதுவரை அங்கேயே இருந்தது. அந்த நேரம் முழுக்க மூச்சு வயிறுவரை போய்வந்தது. தோற்றம் எதுவும் இல்லை, முடிக்கவேண்டிய வளைவும் இல்லை.

நான் அப்போது எதுவும் சொல்லவில்லை. பாராட்டியிருந்தால் அடுத்த நாள் அதே கோணல் அடியை அழகாகச் செய்துகாட்டியிருப்பார், அவ்வளவு வேகமாகக் கற்பவர். வகுப்பு முடிந்தபின், முன்னால் போனவர் நின்றபோது என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். "அவர் சட்டை முதுகுல வேர்த்திருந்தது. வலது தோளை விட இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது." அதுவரை எந்தப் பயிற்சிக்குப் பிறகும் அவர் இன்னொருவரைப் பற்றி இவ்வளவு குறிப்பாகப் பேசியதில்லை. தான் என்ன செய்தேன், எங்கே சரியாக வரவில்லை என்றே சொல்வார்.

இதோடு சேர்த்து வகுப்பின் தொடக்கத்தில் வெறுமனே நிற்கும் பயிற்சியைக் கொடுத்தேன். நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் 1972 ஜனவரியில் ஓபர்லின் கல்லூரி மாணவர்களோடு செய்த ‘மக்னீசியம்’ என்ற நிகழ்வில் ஆட்கள் விழுந்து, மோதி, உருண்டு, கடைசியில் சும்மா நின்றார்கள். அப்படி நிற்கும்போது உடல் விழாமலிருக்கச் செய்யும் நுண்ணிய அசைவுகளை அவர் சிறு நடனம் என்றார். நிற்பது ஓய்வல்ல. உள்காது, கணுக்கால் தசைகள், பாதத்தின் அழுத்தம் எல்லாம் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கின்றன. நிற்பதும் ஒரு வேலைதான் என்று உடலில் தெரிந்தபின், நின்றதும் ஒரு வடிவத்தைத் தேடும் அவசரம் அவரிடம் குறைந்தது.

உதவாத ஒரு பயிற்சி, உதவிய ஒன்று

கண்ணை மூடி அசையும் பயிற்சி இவருக்கு உதவவில்லை. மேரி ஸ்டார்க்ஸ் வைட்ஹவுஸ் 1950களில் தொடங்கிய ஆதென்டிக் மூவ்மென்ட் மரபில் ஒருவர் கண்மூடி, உள்ளிருந்து எழும் உந்துதலுக்காகக் காத்திருந்து அசைவார். இன்னொருவர் சாட்சியாக இருப்பார். குழுவில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. நம் நடிகை கண்ணை மூடியதும் பழைய நடனம் முழுசாகத் திரும்பிவந்தது. ஆனந்தமாக ஆடினார். சாட்சியாக இருந்தவர் "ரொம்ப அழகா இருந்தது" என்றார். சில வகுப்புகளிலேயே அவருக்கு மட்டும் நிறுத்திவிட்டு, சாட்சியாக மட்டும் உட்காரவைத்தேன். பார்ப்பது அவருக்குத் தேவையான வேலையாகவும் இருந்தது. உள்ளே கவனிக்கும் பயிற்சி எல்லோருக்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வெளியே பார்க்கும் வாசல் அடைத்திருப்பவருக்கு அது மூடிய கதவின்மேல் இன்னொரு தாழ்ப்பாள்.

திருப்பம் வந்தது கான்டாக்ட் இம்ப்ரவைசேஷனில், அதாவது இருவர் தொட்டபடி, ஒருவர்மேல் ஒருவர் எடையைச் சாய்த்து, திட்டமிடாமல் அசையும் முறையில். அதற்கு முன் தொடுதல் பற்றிய பேச்சு நடந்தாகவேண்டும். யார் எங்கே தொடலாம், எங்கே கூடாது, நடுவில் நிறுத்த என்ன சைகை, நிறுத்தினால் காரணம் கேட்கக்கூடாது. இதை ஒரு முறை சொல்லிவிட்டு விடக்கூடாது. ஒவ்வொரு புது ஜோடிக்கும் மறுபடி பேசவேண்டும். நேற்று சம்மதித்தவர் இன்று சம்மதிக்காமல் இருக்கலாம். பயிற்றுநருக்கும் மாணவருக்கும் நடுவே இருக்கும் அதிகார வித்தியாசம் "பரவாயில்லை" என்ற சொல்லை எளிதாக வரவழைத்துவிடும் என்பதால், செய்து காட்டுவதற்கு நான் மாணவர்களைத் தொடுவதில்லை. இன்னொரு பயிற்றுநரோடு செய்துகாட்டுவேன்.

நடனத்தில் தூக்குதல், சாய்தல் எல்லாம் இவருக்குப் பழக்கம். முதல்நாள் ஜோடியாக இருந்தவரைத் தன் எடையால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, நேர்த்தியாக இரண்டு தூக்கல்களை வாங்கிக்கொண்டார். அதனால் மறுபடி குறைத்தேன். முதுகோடு முதுகு மட்டும். கை கூடாது, தூக்கல் கூடாது. தொடும் புள்ளி ஒன்றுதான் இருக்கவேண்டும், அது நகர்ந்தால் அதனோடு போகவேண்டும்.

அவருடைய தாமதம் முதலில் கரைந்தது இங்கேதான். முதுகில் ஒரு வளைவைத் தொடங்கி முடிக்க முடியாது. முடிப்பதற்குள் புள்ளி வேறிடத்துக்குப் போயிருக்கும், முடித்தே ஆகவேண்டுமென்றால் தொடர்பு அறுந்துவிடும். தொடுதலுக்கு உடல் தரும் பதில் கண்ணால் பார்த்துத் தரும் பதிலைவிடச் சற்று வேகமானது. யோசித்து அலங்கரிக்க இடைவெளி அவ்வளவாகக் கிடைப்பதில்லை. இரண்டு பேர் எடை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்போது ஒருவர் தனியாக அழகாக இருக்கவும் முடியாது. தொடக்கத்தில் பலமுறை தொடர்பை அறுத்துக்கொண்டு விலகிப்போனார். ஒருமுறை கோபமாகவே, "அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது" என்றார். ஜோடியாக இருந்தவர், "எனக்கும் தெரியாதுங்க" என்றார். குழுவில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டுத் திரும்பிவந்து அதே முதுகில் சாய்ந்தார்.

சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். இருவரும் மெதுவாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது புள்ளி அவருடைய தோள்பட்டையில் வந்து சிக்கிக்கொண்டது. முன்பென்றால் ஒரு சுழற்சியால் அதிலிருந்து வெளியேறியிருப்பார். அன்றைக்குச் சிக்கலிலேயே இருந்தார். தோளால் அழுத்தினார். எதிர்ப்பக்கம் அழுத்தம் கூடியது, இவரும் கூட்டினார், கழுத்து நரம்பு புடைத்தது. லாபனின் பட்டியலில் இவரிடம் இல்லை என்று நான் குறித்துவைத்திருந்த அழுத்துதல் அது. யாரும் கற்பிக்கவில்லை. இன்னொருவரின் எடை அவரிடமிருந்து அதை வாங்கியது.

காட்சிக்குக் கொண்டுபோவது

எழுதிய காட்சிக்குப் போனதும் எல்லாம் பழையபடி ஆனது.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அசைவு இம்ப்ரவைசேஷன் செய்தால் அது தானாக நடிப்பில் ஊறிவிடும் என்று நம் துறையில் ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஒரு சூழலில் கற்ற திறன் வேறு சூழலுக்குத் தானாக இடம்மாறுவது மிகக் குறைவு என்பது அசைவுக் கற்றலில் நன்கு அறியப்பட்ட விஷயம். வெறும் தரையில், வசனமில்லாமல், பார்வையாளர் இல்லாமல் கிடைத்த ஒன்று, மனப்பாடம் செய்த வசனமும் குறித்துவைத்த இடங்களும் இருக்கும் மேடையில் ஏன் வரவேண்டும்? அதற்கென்று தனியாகப் பாலம் போடவேண்டும். பல பயிற்சித் திட்டங்களில் இம்ப்ரவைசேஷன் காலையில் ஒருவரிடம், காட்சி மாலையில் இன்னொருவரிடம் என்று பிரித்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் வேலையை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

காட்சி இது: வீட்டை விற்க முடிவுசெய்துவிட்ட அக்கா, அதைத் தம்பியிடம் சொல்கிறார். அவரிடம் நீளமான வசனம், தம்பியிடம் ஓரிரு வரிகள். ஒத்திகையில் மணிக்கட்டு திரும்பிவந்தது. பார்வை தம்பியின் தலைக்கு மேலே போனது.

நாங்கள் எடுத்துக்கொண்ட வழி ரஷ்ய இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி கடைசிக் காலத்தில் முயன்ற முறை. நடிகர்கள் காட்சியைப் படித்து, அதில் யார் யாரிடம் என்ன செய்யப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டபின் பிரதியை ஓரம் வைத்துவிட்டு, சொந்தச் சொற்களாலும் உடலாலும் அதைச் செய்துபார்ப்பார்கள். செய்தபின் பிரதிக்குத் திரும்பி எது விட்டுப்போனது என்று பார்ப்பார்கள். இவற்றை எட்யூட் என்பார்கள். அவருடைய மாணவி மரியா க்னேபெல் இந்த வேலையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கற்பித்தார். நாங்கள் இதோடு எங்கள் கட்டுப்பாடுகளைச் சேர்த்தோம். முதலில் வசனமே இல்லாமல் நட, நில் மட்டும். அப்புறம் முதுகோடு முதுகு சாய்ந்தபடி வசனம். பிறகு ஆளுக்கு ஒரே ஒரு வரி, அது தேவைப்படும்போது மட்டும். மணல் மூட்டையின் இடத்தில் காட்சிக்குள்ளேயே ஒரு வேலை வந்தது: இருவரும் சாமான் பெட்டிகளைக் கட்டுகிறார்கள்.

இயக்குநரோடு ஒரு பேரமும் நடந்தது. அவர் காட்சி முழுக்க இடங்களைக் குறித்துவைத்திருந்தார். எங்கள் வேலைக்கு அதில் இடமில்லை. இறுதியில் தொடக்கமும் முடிவும் அவர் குறித்தபடியே இருக்கட்டும், நடுவில் இரண்டு குறிகளுக்கு இடைப்பட்ட பகுதியைத் திறந்து வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஒளியமைப்பவருக்கும் அதைச் சொல்லி அந்தப் பகுதிக்கு அகலமான வெளிச்சம் கேட்டுவாங்கினோம். இந்த மாதிரி விஷயங்களைப் பேசாமல் விட்டால், நடிகர் சுதந்திரமாக நகர்ந்து இருட்டில் போய் நிற்பார்.

நான் பார்த்த ஒத்திகைகளில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தம்பி ஒரு பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா பேசிக்கொண்டே துணிகளை மடிக்கிறார். விலை பேசி முடிந்துவிட்டது என்ற வரியின் பாதியில் கயிறு சுற்றும் கை நின்றது. அக்காவின் கை ஒரு துணியை அலமாரிப் பக்கம் கொண்டுபோகும் வழியில் இருந்தது. அது நின்றது, நெஞ்சு உயரத்தில், பாதி வழியில். கண் தம்பியின் கயிறு பிடித்த விரல்களுக்குப் போனது. வாக்கியம் பாதியில் தொங்கியது. பிறகு கை முடிவெதுவும் இல்லாமல் அப்படியே இறங்கியது, துணி மடியில் விழுந்தது, வாக்கியத்தின் மீதி தாழ்ந்த குரலில் வந்தது. பிரதியில் அந்த இடத்தில் இடைவெளி எதுவும் இல்லை. ஒத்திகை முடிந்ததும் தம்பியாக நடித்தவர் சொன்னார்: "நீங்க நின்னதும் எனக்கு அடுத்த வரியைச் சொல்லவே மனசு வரலை. தள்ளிப்போட்டேன்."

மதிப்பீடு, மாறாதவை

எண்களால் அளக்கும் ஆய்வு அல்ல இது. நாங்கள் பார்த்தவை மூன்று. ஏதாவது நடக்கும்போது முதலில் போவது கண்ணா கையா? நிற்கும்போது மூச்சு ஓடுகிறதா? அவருடைய அசைவால் சக நடிகர் செய்வது மாறுகிறதா? தொடக்க, இறுதிக் காணொளிகளை எந்தக் காலத்தவை என்று சொல்லாமல் இன்னொரு பயிற்றுநருக்குக் காட்டினேன். பார்வையின் திசையை வைத்து அவர் சரியாகப் பிரித்துவிட்டார். ஆனால் தொடக்கக் காணொளிகளே பார்க்க அழகாக இருக்கின்றன, ஏதோ ஒன்று போய்விட்டது என்றும் சொன்னார். அதை நான் மறுக்கமாட்டேன். அந்த மிதக்கும் தன்மை அரிதானது. அது தேவைப்படும் வேடங்களும் இருக்கின்றன. நடிகையிடமே இதைக் கேட்டபோது, எதுவும் போகவில்லை, இப்போது அதை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது என்றார்.

எதனால் மாற்றம் வந்தது என்று பிரித்துச் சொல்வதும் கடினம். ஒரே பருவத்தில் குழுவோடு நெருக்கம் வளர்ந்தது, இயக்குநர் மனம் மாறினார், தம்பியாக நடித்தவர் மிகப் பொறுமைசாலி. வேகமான ஜோடியோடு இதே அளவு நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

முதல்நாள் மேடையேற்றத்தில் பழைய முடிப்புகள் பல இடங்களில் திரும்பிவந்தன. பயத்தில் உடல் பழைய ஒழுங்கைத்தான் பிடித்துக்கொள்ளும். அடுத்தடுத்த மேடையேற்றங்களில் குறைந்தன, முழுசாகப் போகவில்லை. வேகமும் நகைச்சுவையும் உள்ள காட்சிகளில் இன்றும் தாமதம் தெரிகிறது. மெதுவாக நடக்கும்போது காத்திருக்க வந்துவிட்டது, ஆனால் ஓடும்போது அந்தக் காத்திருப்புக்கு நேரம் கிடைப்பதில்லை, கை முந்திக்கொள்கிறது. எங்கள் பயிற்சி பெரும்பாலும் நிதானமான வேகத்திலேயே நடந்ததால் இது எதிர்பார்க்கக்கூடியதே.

இதேபோன்ற பயிற்சிபெற்ற உடலோடு இன்னொருவர் வந்தால் முதுகோடு முதுகுப் பயிற்சியை மிகவும் முன்னாலேயே, நட, நில் தொடங்கிய சில நாட்களிலேயே வைப்பேன். கண்மூடும் பயிற்சிக்கு அவரைச் சாட்சியாக மட்டும் அமர்த்துவேன். எட்யூட் வேலையைப் பருவத்தின் நடுவிலிருந்தே இயக்குநரோடு சேர்ந்து நடத்துவேன், மேடை இடங்களைக் குறிப்பதற்கு முன்னால். நம் நடிகையோடு அடுத்துச் செய்யப்போவது வேகப் பயிற்சி: வீசியடித்தலும் குத்துதலும் வரும்படியான பொருட்களும் பணிகளும், பந்து எறிதல், கனமான துணியை உதறி விரித்தல், இரண்டு பேர் ஒரே கழியைப் பிடித்துக்கொண்டு ஓடுதல். கழியை யார் இழுக்கிறார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் விதி.